எக்ஸ்ரே உறைமேல் விழுந்த முத்திரை

என் மேஜையில் இரண்டு ரப்பர் முத்திரைகள் இருந்தன. வெளியிலிருந்து வரும் காகிதத்துக்கு 'பெறப்பட்டது', நாங்கள் வெளியே கொடுக்கும் காகிதத்துக்கு 'அனுப்பப்பட்டது'. இரண்டிலும் நடுவே தேதியைத் திருப்பிக்கொள்ளும் சின்னச் சக்கரம் உண்டு. காலையில் வந்து நாற்காலியைத் துடைத்ததும் அந்தச் சக்கரங்களைத் திருப்புவதுதான் முதல் வேலை. பெங்களூரில் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் பதினான்கு வருடம் இதைச் செய்தேன்.

சென்ற மாதம், ஓய்வு பெற்றவர்கள் சிலர் கூடிச் சாப்பிட்டோம். கூட வேலை செய்த ஒரு பெண், தன் தம்பி ஆஸ்பத்திரி பாலிசியைக் கணினியிலேயே எடுத்துவிட்டதைச் சொன்னாள்.

"ஒரு காகிதம் கூட இல்ல ஸ்டெல்லா அக்கா. அந்த நோய் இருக்கா, இந்த நோய் இருக்கான்னு கேட்டுது. வரிசையா 'இல்ல, இல்ல'ன்னு அமுக்கினான். காபி ஆறல, பாலிசி வந்துடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 'இல்லை' என்று சொல்லத் தெரியாமல் போன ஒருவர் என் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் எல்லோரும் என்னையே பார்ப்பதைக் கண்டதும் நிறுத்திவிட்டேன். அப்படியானால் எங்கள் ஓய்வு பெற்றோர் சங்க மலருக்கு எழுதிக் கொடு என்றார்கள். பேசுவதைவிட எனக்கு எழுதுவது பரவாயில்லை.

நான் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் இரண்டு தேர்வும் எழுதி, ஒரு வக்கீலிடம் சில வருடம் தட்டச்சு செய்தேன். தொண்ணூற்றொன்றில் இந்த வேலை கிடைத்தது. முதல் மூன்று வருடம் பின்னறையில், சுவரைப் பார்த்தபடி பாலிசி தாள்களை அடித்தேன். கார்பன் வைத்து மூன்று பிரதி. பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் மூன்றையும் கிழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு கவுன்டரில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போனாள். தமிழும் கன்னடமும் சரளமாக வரும் என்பதால் என்னை அங்கே உட்கார வைத்தார்கள். அவள் திரும்பி வந்த பிறகும் என்னை மாற்றவில்லை. முதல் வாரம் தொண்டை வறண்டுபோய், தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆளைப் பார்க்காமல் அவர் கொண்டுவந்த காகிதத்தைப் பார்த்துப் பேசினால் பேச்சு வந்தது.

தொழிற்சாலைகளும் கம்பெனிகளும் தங்கள் ஆட்களுக்கு மொத்தமாகப் பாலிசி எடுத்துவிடுவார்கள். அந்தக் கட்டுகள் மேலிடத்திலிருந்தே வந்துவிடும். கவுன்டருக்கு வருகிறவர்கள் எந்தக் கம்பெனியும் இல்லாதவர்கள். தையல்காரர், டியூஷன் டீச்சர், புரோகிதர், ஓட்டல் பரிமாறுகிறவர். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எது கம்மி?" இரண்டாவது கேள்வி, நோயே வராவிட்டால் பணம் திரும்பி வருமா என்பது.

மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் பூ விற்கும் அம்மா ஒருவர் அதைக் கேட்டார். வராது என்றேன்.

"வராதா? அப்ப கட்டின பணம் வீணாப் போகக் கூடாதுன்னா எனக்கு நோவு வரணும்னு வேண்டிக்கணுமா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் தங்கையோடு வந்து இருவருக்கும் எடுத்துக்கொண்டார். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

குறைந்த செலவில் பாலிசி எடுக்க அப்போது இரண்டே வழிகள்தான். நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் வந்துவிட வேண்டும். அதன் பிறகு தொகையும் கூடும், டாக்டர் பரிசோதனையும் வேண்டும். எடுத்த பாலிசியை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் புதுப்பிக்க வேண்டும். தவறினால் பழைய வருடங்கள் கணக்கில் வராது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கவுன்டர் கண்ணாடிக்கு அடியில் இருந்த வயது அட்டவணையில் விரலை வைத்து இதை எல்லோருக்கும் காட்டுவேன். விரல் வைத்துக் காட்டினால் அதிகம் பேச வேண்டியதில்லை.

எங்கள் கிளை மேலாளர் அனந்தராவ் சார். மல்லேஸ்வரத்தில் வீடு. கன்னடக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. விண்ணப்பத்தைப் பின்னாலிருந்து படிப்பது அவர் பழக்கம். முதலில் கையெழுத்து, பிறகு நோய்களைப் பற்றிய கேள்விகள், கடைசியாகப் பெயர். கையெழுத்து நடுங்கியிருந்தால் அதன்கீழ் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். கேள்விகளின் பதில்கள் ஒரே வேகத்தில், ஒரே பேனாவில் எழுதப்பட்டிருந்தால் இன்னொரு புள்ளி. மாலை நாலு மணி வரை பென்சில்தான் பிடிப்பார். நாலு மணிக்குப் பேனாவை எடுத்து, புள்ளி இல்லாதவற்றில் கையெழுத்துப் போடுவார். புள்ளி வைத்தவற்றை மறுநாளைக்கு ஒதுக்கிவிடுவார்.

அவர் வைத்திருந்த விதி ஒன்று என் கையோடு ஒட்டிக்கொண்டது. கவுன்டரைத் தாண்டி எந்தக் காகிதம் வந்தாலும் உடனே 'பெறப்பட்டது' முத்திரை போட்டு, இன்வார்ட் புத்தகத்தில் எண் எழுதி, ஃபைலில் சேர்த்துவிட வேண்டும். அது வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் யோசிக்கக் கூடாது.

கவுன்டருக்கு வந்த புதிதில் நான் யோசித்துவிட்டேன். தொம்மலூரிலிருந்து வந்த ஒரு அம்மா, விண்ணப்பத்தோடு பழைய டாக்டர் கடிதம் ஒன்றையும் நீட்டினார். தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். சாயங்காலம் பேச்சுவாக்கில் அனந்தராவ் சாருக்கு இது தெரிந்தது. திட்டவில்லை. "ஆ காகத பேக்கம்மா" என்றார். அந்தக் காகிதம் வேண்டும் என்று அர்த்தம். மறுநாள் காலை பஸ்ஸில் தொம்மலூருக்குப் போய், கோயில் பக்கத்துச் சந்துகளில் விசாரித்து, அந்த அம்மாவிடம் கெஞ்சிக் கடிதத்தை வாங்கி வந்தேன். முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து காகிதம் கவுன்டரில் பட்டதும் என் கை தானாக முத்திரையை எடுத்துவிடும்.

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு, அங்கிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பெரியவர்கள் எங்கள் கவுன்டருக்கு வர ஆரம்பித்தார்கள். சுரங்கத்தில் வேலை இருந்தவரை சுரங்க ஆஸ்பத்திரி இருந்தது. சீட்டைக் காட்டினால் வைத்தியம். இப்போது ஐம்பதைத் தாண்டிய வயதில் முதல்முறையாக ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது.

அவர்களில் பலரை எங்கள் ஏஜென்ட் மூர்த்தி சார் அழைத்து வருவார். ஸ்கூட்டரில் வருவார், வாய் ஓயாது. எல்லோருடைய விண்ணப்பத்தையும் அவரே எழுதிவிடுவார். நோய்களைப் பற்றி எட்டு கேள்விகள். எட்டுக்கும் 'இல்லை', 'இல்லை' என்று பேனாவை எடுக்காமல் எழுதிக்கொண்டே போவார். அனந்தராவ் சாரின் பென்சில் புள்ளிகளில் பாதி அவருடையவை.

ஏழுமலை என்பவரும் அவர் மனைவி அஞ்சலையும் வந்த அன்று மூர்த்தி சார் வரத் தாமதமாகிவிட்டது. ஏழுமலைக்கு ஐம்பத்தேழு வயது. வெள்ளைச் சட்டைக்குக் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார். அஞ்சலை கையில் ஒயர் கூடை. மர்பி டவுனில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, மகள் வீட்டில் இருந்தார்கள். மருமகன் ஆட்டோ ஓட்டுகிறவர்.

காகிதத்தைப் பார்த்தபடி பெயரைக் கேட்டேன். ஏழுமலை நிமிர்ந்து நின்று ஒரு எண்ணைச் சொன்னார்.

"பேரக் கேக்கறாங்க. நம்பர யாரு கேட்டா?" என்று அஞ்சலை இடித்தார்.

"ஏழுமலைம்மா. முப்பது வருசம் நம்பர்தான், அதான் வாயில வந்துடுச்சு."

கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மூர்த்தி சார் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்கள். வயதுக்கு அத்தாட்சியாகச் சுரங்க வேலைப் புத்தகத்தின் நகல். எங்கள் டாக்டர் ஒட்டிக் கொடுத்த பரிசோதனை உறைகள். கடைசியாக நீளமான பழுப்பு உறை ஒன்று. வைக்க வைக்க நான் முத்திரை போட்டுக்கொண்டே போனேன். பழுப்பு உறையிலும் போட்டு, இன்வார்ட் எண்ணையும் எழுதிய பிறகுதான் அது என்ன என்று பார்த்தேன்.

ஏழுமலை உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"மெடிக்கல் போர்டுல எடுத்த படம்மா. பாருங்க, ரெண்டு பக்கமும் பொடிப்பொடியா வெள்ளை தெரியுதா? எல்லாம் கல்லுத் தூசு. ஒரிஜினல்மா இது, காப்பி இல்ல."

குரலில் பெருமை இருந்தது. அஞ்சலை தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இத எப்பய்யா கூடைல வெச்ச? இன்னா மனுசன்யா நீ. டாக்டராண்ட இருமிக் காட்டாதன்னு வழியெல்லாம் சொல்லிக்கினே வந்தேன். அங்கயும் காட்டிட்டு, இங்கயும் படம் காட்டறான்."

பிறகு இருவரும் சொன்னதிலிருந்து விஷயம் புரிந்தது. சுரங்கத்தில் துளை போடுகிறவர்களின் நெஞ்சில் கல்தூசு படியும். மெடிக்கல் போர்டு படம் எடுத்துப் பார்த்து, தூசு இருக்கிறது என்று எழுதினால் நஷ்டஈடு கிடைக்கும். படம் சுத்தமாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. அதனால் டாக்டர் முன்னால் நோயை மறைக்க வேண்டும் என்று அவர்களில் யாருக்கும் தோன்றியதில்லை. இருப்பதை நன்றாகத் தெரியும்படி காட்ட வேண்டும். ஏழுமலை வீட்டில் இருந்த காகிதங்களிலேயே மதிப்புள்ளது அந்தப் படம். அலமாரியில், அஞ்சலையின் கல்யாணப் புடவை மடிப்புக்குள் இருந்தது. பாலிசி ஆபீசில் டாக்டர் பார்ப்பார் என்றதும், நல்ல காகிதம் வேண்டியிருக்கும் என்று எடுத்து வந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் மூர்த்தி சார் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன பெரியவரே இது?"

"போர்டு படம் சார். டாக்டரம்மா வீடு மாடில இருந்துச்சா, உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி படி ஏறி எறங்கிட்டுத்தான் போனேன். நல்லா எழுதியிருப்பாங்க."

"ஏறி எறங்கினீங்களா? ஏன்?"

"போர்டுக்குப் போறப்ப எல்லாரும் அப்டித்தான் சார் பண்ணுவோம். மூச்சு வாங்கறது தெரியணும்ல?"

மூர்த்தி சார் என் கவுன்டரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டார். "பரீட்சைல ஃபெயில் ஆகறதுக்கு டியூஷன் வெச்சுக்கிட்ட ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஸ்டெல்லா மேடம், அந்தப் படத்த அவர்ட்டயே குடுத்துடுங்க. இன்வார்ட்ல அந்த ஒரு வரிய அடிச்சிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது? டாக்டரம்மா என்ன எழுதியிருந்தாலும் நான் பாத்துக்கறேன். பாவம், ரெண்டு பேரும் ஒரு பாலிசி இல்லாம நடுத்தெருவுல நிக்கணுமா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். அஞ்சலையும் பார்த்தார். மூர்த்தி சார் சொன்னதில் தப்பு இருப்பதாகவும் எனக்கு அப்போது தோன்றவில்லை. சரி என்றும் சொல்ல வரவில்லை, முடியாது என்றும் சொல்ல வரவில்லை. மூன்று பேர் பார்க்கும்போது எனக்குப் பேச்சு எழும்பாது. நான் இன்வார்ட் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அட்டெண்டர் வந்து, முத்திரை விழுந்தவற்றையெல்லாம் வழக்கம்போலத் தட்டில் அடுக்கி, ஏழுமலை கையிலிருந்த படத்தையும் வாங்கி உறையில் போட்டு, மேலாளர் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

நான் நேர்மைக்காகப் பேசாமல் இருந்தேன் என்று பிற்பாடு ஆபீசில் சிலர் சொன்னதுண்டு. அது உண்மையில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

கொஞ்ச நேரத்தில் அனந்தராவ் சார் என்னையும் தம்பதியையும் கூப்பிட்டார். மூர்த்தி சாரை வெளியில் உட்காரச் சொன்னார். அவர் மேஜையில் விண்ணப்பம் கவிழ்ந்து கிடந்தது. 'இல்லை'களுக்கு எதிரே பென்சில் புள்ளிகள். டாக்டர் உறை பிரிக்கப்பட்டிருந்தது. பேசும்போதே மூச்சு வாங்குகிறது என்று டாக்டர் எழுதியிருந்தார்.

அனந்தராவ் சார் படத்தை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். அவருக்கு எக்ஸ்ரே படிக்கத் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார். ஏழுமலை எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, எங்கே பார்க்க வேண்டும் என்று விரலால் காட்டினார்.

"ஸ்டெல்லாம்மா, புது ஃபாரம் எடுங்கோ. அவர் சொல்றது எழுதுங்கோ. ஒவ்வொரு கேள்வியும் தமிழ்ல கேளுங்கோ."

கேட்டேன். எட்டில் ஏழுக்கு இல்லை. ஒன்றுக்கு ஆம். ஏழுமலை ஒவ்வொரு பதிலையும் யோசித்துச் சொன்னார். சுரங்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களைக்கூடச் சொன்னார்.

பிறகு அனந்தராவ் சார் மூன்று விரலை நீட்டினார்.

"ஏழுமலை, மூணு வழி இருக்கு. ஒண்ணு, நான் பாலிசி இல்லன்னு சொல்றது. ரெண்டு, நிறைய பணம் வாங்கிக் கொடுக்கறது. அது உங்களால கட்ட முடியாது, வருஷா வருஷம் ஆகாது. மூணு, சாதாரணப் பணம்தான். ஆனா நெஞ்சு நோய்க்கு எப்பவும் கிடையாது. மத்த எல்லாத்துக்கும் உண்டு."

"நெஞ்சுதான சார் கெட்டுப்போச்சு? அதுக்குத்தான வேணும்?"

"அது வந்தாச்சு. நாங்க வராததுக்குத்தான் பணம் வாங்குவோம்."

ஏழுமலை மேஜையில் கிடந்த வேலைப் புத்தகத்தின் நகலை எடுத்து மடித்து மடித்துப் பிரித்தார்.

"இவளுக்கு?"

"அவங்களுக்கு எல்லாத்துக்கும் உண்டு. அவங்க படம் காட்டல."

அறைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாக அஞ்சலை சிரித்தார். "நான் படி ஏறல சார்" என்றார்.

"அப்ப எனக்கு இருக்கறதுலயே கம்மியா போடுங்க. மிச்சத்த இவளுக்குப் போடுங்க. எனக்கு ஒண்ணுன்னாலும் மருமகன் தலைலதான் விழும், இவளுக்குன்னாலும் அங்கதான். அந்தப் புள்ளயாண்ட ஒரு ஆட்டோதான் இருக்குது."

நெஞ்சு நோய்க்குப் பாலிசி கிடையாது என்பதற்குச் சம்மதம் என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் சார். ஏழுமலை தமிழில் எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. கையெழுத்துக்குக் கீழே பழக்கதோஷத்தில் தன் நம்பரையும் எழுதினார். அனந்தராவ் சார் அதை அடிக்கச் சொல்லவில்லை.

மேலிடத்து அனுமதி வர இரண்டு வாரம் ஆயிற்று. பாலிசியை நான்தான் அடித்தேன். ஏழுமலையின் தாளில், விலக்குகள் என்ற கட்டத்தில், நுரையீரல் நோய்களும் அவற்றால் வருபவையும் நீங்கலாக என்று ஒரு வரி. அஞ்சலையின் தாளில் அந்தக் கட்டம் காலி. காலிக் கட்டத்தில் பிறகு யாரும் எதையும் சேர்த்துவிடாமலிருக்க, ஓரத்திலிருந்து ஓரம் வரை கோடு அடிப்பது எங்கள் வழக்கம். ஒரு கோடு போதும். இரண்டு அடித்தேன்.

பழுப்பு உறையும் படமும் ஃபைலிலேயே இருந்தன. ஏழுமலை கேட்கவில்லை. நஷ்டஈடு வாங்கிய இடத்திலும் அப்படித்தான் சில காகிதங்களை வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பார்.

முதல் வருடம் முடிந்து, தவறாமல் புதுப்பித்தார்கள். இரண்டாவது வருடத்தில் ஏழுமலைக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவைசிகிச்சை நடந்தது. அப்போதெல்லாம் முதலில் நாம் செலவு செய்துவிட்டுப் பிறகுதான் பில்களைக் கொடுத்து வாங்க வேண்டும். மருமகன் ஆட்டோவின் ஆர்.சி. புத்தகத்தை அடகு வைத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டினார். பில்களைக் கொடுக்க அவரே வந்தார். "எப்ப வரும் மேடம்?" என்பதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கையில் பிரேக் கம்பியின் கறுப்பு இருந்தது.

மூன்று வாரத்தில் மேலிடத்து க்ளெய்ம் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தில், மயக்க மருந்து டாக்டர், நோயாளிக்கு நெடுநாளாக நுரையீரலில் தூசு நோய் உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாலிசித் தாளில் இருந்த விலக்கு வரியும் பிறகு சேர்த்ததாக இருக்கலாம் என்று அவர்களுக்குச் சந்தேகம். பெரிய நோயை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறார், எனவே எந்த நோய்க்கும் பணம் கிடையாது, பாலிசியும் செல்லாது என்று எழுத உத்தேசம், கிளையின் பதில் என்ன என்று கேட்டிருந்தார்கள். மறைத்திருந்தால் அப்படித்தான் எழுதுவார்கள், அது சட்டம். அந்த வருடம் மூர்த்தி சாரின் 'இல்லை'களில் மூன்று அப்படிப் போயின.

அனந்தராவ் சார் கடிதத்தை என் மேஜைக்கே கொண்டுவந்தார். அவர் கவுன்டர் பக்கம் வருவது அபூர்வம்.

"இன்வார்ட் புத்தகம் எடுங்கோ."

எடுத்தேன். தேதி, எண், 'எக்ஸ்ரே உறை ஒன்று' என்று என் கையெழுத்தில் இருந்தது. பாலிசி கொடுத்த தேதிக்கு இரண்டு வாரம் முந்தைய தேதி. அந்தப் பக்கத்தை நகல் எடுக்கச் சொன்னார். உறையில் இருந்த முத்திரையையும் நகல் எடுக்கச் சொன்னார். இரண்டையும் ஒரு குறிப்போடு சேர்த்து அனுப்பினார். குறிப்பு இரண்டு வரிதான். 'இவர் மறைக்கவில்லை. நாம் கேட்பதற்கு முன்பே காட்டினார்.'

பணம் வந்தது. மருமகன் காசோலையை வாங்கிக்கொண்டு போகும்போது, கவுன்டரில் ஒரு மாம்பழப் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கூச்சம். அனந்தராவ் சாரிடம் சொன்னேன். "அதுக்கு முத்திரை போடாதீங்கோ" என்றார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அது.

மூர்த்தி சார் அந்த வாரம் வந்தபோது கொஞ்சம் அடங்கியிருந்தார்.

"அன்னிக்கு நீங்க ஒரு வார்த்த சரின்னு சொல்லியிருந்தா அந்தக் குடும்பம் போயிருக்கும் மேடம். நல்ல வேள, பேசாம இருந்தீங்க."

"எனக்குப் பேச வரல சார்."

"அதத்தான் சொல்றேன்."

இதோடு முடிந்தால் நல்ல கதை. ஆனால் அடுத்த மழைக்காலத்தில் ஏழுமலைக்கு மூச்சு அடைக்க ஆரம்பித்தது. ஒருநாள் தனியாகவே கவுன்டருக்கு வந்தார். வாசலுக்கும் கவுன்டருக்கும் நடுவே இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தார். இந்தமுறை காட்டுவதற்காக அல்ல.

"யம்மா, ஆஸ்பத்திரில சேரச் சொல்றாங்க. மூச்சுக்குக் கெடைக்காதுல்ல?"

காகிதம் எதுவும் அவர் கொண்டுவரவில்லை. பார்த்துக்கொண்டு பேச எனக்கு ஒன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"கெடைக்காதுங்கண்ணா."

"தெரியும். நான்தான எழுதிக் குடுத்தேன். இவதான், போய்க் கேட்டுட்டு வான்னா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அவளது அப்டியே இருக்குதுல்ல? என்னால அதுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

அஞ்சலையின் பாலிசி தனி, அதில் எதுவும் மாறாது என்றேன். அடுத்து எந்தத் தேதிக்குள் புதுப்பிக்க வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து நாளில் இறந்துவிட்டார். எங்கள் தெரு வழியாகத்தான் கொண்டுபோனார்கள். நான் அன்று வேலைக்குத் தாமதமாகப் போனேன்.

அந்த முத்திரையால் ஒருமுறை பணம் வந்தது, ஒருமுறை வராமல் போனது. முத்திரை விழாமலிருந்தால் இரண்டு முறையுமே வந்திருக்காது. இதை ஒரு கணக்கைப் போலப் பலமுறை யோசித்திருக்கிறேன். விடை மாறுவதில்லை. ஆனாலும் மறுபடி யோசிப்பேன்.

பிறகு அனந்தராவ் சார் ஓய்வு பெற்றார். ஆபீசுக்குக் கணினிகள் வந்தன. ஆட்களைக் குறைக்க விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், நானும் எழுதிக் கொடுத்தேன். என் கடைசி மாதத்தில் பழைய ஃபைல்களைக் கழிக்கும் வேலை என்னிடம் வந்தது. முடிந்துபோன பாலிசிகளின் காகிதங்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் புதிய மேலாளர். ஏழுமலையின் ஃபைலில் பழுப்பு உறை அப்படியே இருந்தது. என் முத்திரை கொஞ்சம் மங்கியிருந்தது. அதை எடுத்துத் தனியே வைத்தேன்.

அந்த மாதமே அஞ்சலை புதுப்பிக்க வந்தார். கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் வருவார். நான் ஏழுமலைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு, நாலாக மடித்து, பாலிசி தாளோடு அவர் கூடையில் இருந்தது.

வேலை முடிந்ததும் உறையை எடுத்து நீட்டினேன். அஞ்சலை படத்தை வெளியே எடுத்து, கவுன்டருக்கு மேலிருந்த டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

"இங்கதான், இங்கதான்னு எல்லாருக்கும் காட்டுவாரு. வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துடுவாரு. கல்யாண போட்டோ கூட அப்டிக் காட்டினதில்ல."

படத்தைப் பதமாக உறைக்குள் தள்ளினார். கூடையில் வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"சீட்டு இல்லாம எடுத்துக்கினு போலாமா கண்ணு?"

"எடுத்துட்டுப் போங்கம்மா. இது உங்களுதுதான்."

"அது சரி. எங்க மைன்ஸ்ல ஒரு ஆணி வெளிய போவணும்னாலும் பாஸ் வேணும். கேட்ல நிறுத்துனா நான் இன்னா சொல்றது? உள்ள வரும்போது குத்துன இல்ல? வெளிய போவும்போதும் ஒண்ணு குத்து."

ஃபைலிலிருந்து எடைக்குப் போக வேண்டிய காகிதத்துக்கு எந்த முத்திரையும் தேவையில்லை. இரண்டாவது முத்திரையை எடுத்து, தேதி சரியா என்று பார்த்து, பழைய முத்திரைக்குப் பக்கத்தில் 'அனுப்பப்பட்டது' என்று குத்தினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். அவுட்வார்ட் புத்தகத்திலும் ஒரு எண் எழுதினேன்.

அஞ்சலை மை காய்வதற்காக உறையை ஊதினார். கூடையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். எங்கள் வாசலில் ஒரு காவலாளி உட்கார்ந்திருப்பார். யாரையும் எதுவும் கேட்கமாட்டார். அஞ்சலை அவர் முன்னால் நின்று, முத்திரை தெரியும்படி உறையைத் திருப்பிக் காட்டினார். அவர் என்னவென்று புரியாமல் தலையாட்டிய பிறகுதான் படியிறங்கினார்.